பொய் ஜன்னலும் பீர்க்கடையும்

அன்புள்ள சேது,

நலம், உன் நலம் அறிய ஆவல். நான் பதில் போடுவதே இல்லை என்று நம் நண்பன் 'கடலைமிட்டாயிடம்' நீ புலம்பியது என் காதுக்கு வந்துவிட்டது. புலம்பல் போதும். இன்று உன்னிடம் சொல்லியே ஆக வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது.

இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதிக் கிராமம் ஒன்றில் பழைய பண்ணை வீட்டை அளந்து வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறேன். 1714 முதல் 1830 வரை ஆண்ட ஜார்ஜ் மன்னர்கள் காலத்தது. சிவப்புச் செங்கல் முகப்பு. நடுவே வாசல், இரு பக்கமும் இரண்டிரண்டு ஜன்னல், மாடியில் ஐந்து. எல்லாம் நூல் பிடித்த ஒழுங்கு. ஜன்னல்கள் மேலும் கீழும் ஓடுபவை. சட்டத்துக்குள் கயிற்றில் தொங்கும் இரும்புக் குண்டுகள் எடையைச் சமன் செய்துவிடுவதால் லேசாகத் தூக்கினாலே ஏறிவிடும். மாடியில் ஒன்று மட்டும் செங்கல்லால் அடைபட்டிருக்கிறது. ஜன்னல் வரிக்குப் பயந்து அடைத்தது என்று ஊரே சொல்கிறது. 1696 முதல் 1851 வரை அப்படி ஒரு வரி இருந்தது உண்மைதான். ஆனால் ஏணி போட்டுப் பார்த்தேன்: அடைப்பின் செங்கல் சுவரோடு பின்னிச் செல்கிறது, பிற்காலத்தில் சேர்த்த தடயமே இல்லை. உள்ளே சரியாக அந்த இடத்தில் குறுக்குச் சுவர் வந்து முட்டுகிறது. முகப்பின் ஒழுங்கு கெடக் கூடாது என்பதற்காகக் கட்டும்போதே வைத்த பொய் ஜன்னல், சேது! நீ பக்கத்தில் இருந்திருந்தால் அந்த ஏணியை விட்டு இறங்கியே இருக்க மாட்டாய்.

இனிதான் என் கவலை. இந்த வீடு ஒரு காலத்தில் பப்பாக, அதாவது ஊர் மதுக்கடையாக, இருந்தது. 1830இல் வந்த பீர்க்கடைச் சட்டப்படி, வரி கட்டும் வீட்டுக்காரர் எவரும் இரண்டு கினி (அக்கால ஆங்கிலேயப் பணம்) செலுத்தித் தன் வீட்டிலேயே பீர் விற்கலாம்; ஜின் போன்ற கடும் மதுவகைகள் கூடாது. எத்தனையோ குடியானவர் வீடுகளின் முன்னறைகள் அப்படிக் கடையாயின. இங்கே சமையலறைச் சுவரில் கோப்பை நீட்டிய சிறு திறப்பு அப்படியே இருக்கிறது. அதன் அடிப்பலகை கைபட்டுத் தேய்ந்து நடுவில் குழிந்திருக்கிறது. நிலவறைக்குப் பீப்பாய் உருட்டிய சரிவும், வெளியே பலகை தொங்கிய இரும்புக் கொக்கியும் உண்டு.

வாங்கியவர்கள் நல்ல மனிதர்கள். ஆனால் வீட்டை 'அசல் ஜார்ஜியன்' ஆக்குகிறோம் என்று இவை அனைத்தையும் எடுக்கப் பார்க்கிறார்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் கவுன்சில் அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் எடுத்தால் குற்றம். விண்ணப்பத்துக்கான வரைபடம் என் கையில்தான் இருக்கிறது. அந்தத் திறப்பை 'அகற்ற வேண்டியது' என்று குறிக்க எனக்கு மனம் வரவில்லை. கட்டியவனின் கணக்கு மட்டும்தான் வீடா? நாள் முழுக்க வயலில் உழைத்துவிட்டு அந்தப் பலகையில் கை ஊன்றி நின்றவர்களுக்கு அதில் பங்கில்லையா?

உங்கள் பெரியப்பா திண்ணையை இடித்தபோது நீ சாப்பிடாமல் கிடந்தாயே, அதை நினைத்துக்கொண்டேன். அதற்கு முன் நீ எடுத்த படங்கள் இருந்தால் உடனே அனுப்பு. விண்ணப்பம் போவதற்குள் அவர்களுடன் உட்கார்ந்து பேசப் போகிறேன். பேசும்போது அவை கையில் வேண்டும்.

அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? வாத்தியாரைப் பார்த்தால் என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
ரவி