திறந்துகூடப் பார்க்காமல் குப்பை என்பதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் தொழில்நுட்பக் கேள்வி பதிலில், மகள் கல்லூரிக்குக் கொண்டுபோகும் லேப்டாப் கீழே விழுந்து திரை போய்விட்டது, என்ன செய்யலாம் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். 'விழுந்த லேப்டாப்புக்குச் செலவு செய்வது வீண், கூடக் கொஞ்சம் போட்டுப் புதிதாகவே வாங்கிவிடுங்கள்' என்று ஒரே வரியில் பதில் தந்திருந்தீர்கள். வாங்கி எத்தனை வருடமாயிற்று, பட்டனை அழுத்தினால் விளக்கு எரிகிறதா, சத்தம் வருகிறதா என்று எதையும் கேட்கவில்லை. கேட்டவர் வீட்டில் பணம் இருக்கிறதா என்றும் யோசிக்கவில்லை. பல வருடமாக உங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறவள் என்ற உரிமையில் சொல்கிறேன், அந்த வரி எனக்கு மிகவும் வலித்தது.

ஏனென்றால் அதே வரியை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். வீட்டிலிருந்தே டிடிபி வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கும்பாபிஷேக நோட்டீஸ் எல்லாம் அந்த ஒரு லேப்டாப்பில்தான். ஆவணி முகூர்த்த சமயத்தில் சார்ஜர் வயர் பேரன் காலில் மாட்டி, மேஜையிலிருந்து மொசைக் தரையில் விழுந்தது. பாதித் திரை கறுப்பு, மீதியில் கோடு கோடாக. எங்கள் ஊரில் கம்பெனி சர்வீஸ் சென்டர் கிடையாது. மதுரைக்குத்தான் போக வேண்டும். அங்கே கவுன்டரில் இருந்த தம்பி ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றாமல் 28,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் போட்டார். மேல் பாகத்தை முழுசாக மாற்ற வேண்டும், போர்டும் (உள்ளே இருக்கும் முக்கிய சர்க்யூட் பலகையான மதர்போர்டு) போயிருக்கலாம் என்றார். 'இதுக்குப் புதுசே வாங்கிக்கலாம் மேடம்' என்றும் சொன்னார். விழுந்தால் வாரண்டியில் வராது. அதற்குத் தனியாகப் பணம் கட்டி ஒரு பாதுகாப்புத் திட்டம் எடுத்திருக்கலாம் என்பதை, விற்ற கடைக்காரர் அன்று வாய் திறந்து சொல்லவில்லை.

ஊருக்குத் திரும்பி, பஸ் ஸ்டாண்ட் பக்கம் மாடியில் கடை வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் கொடுத்தேன். அவர் முதலில் செய்தது, சுவரில் இருந்த பழைய டிவியில் ஒரு எச்.டி.எம்.ஐ. வயரைச் செருகி அதன் மறுமுனையை லேப்டாப்பில் மாட்டியதுதான். நான் பாதியில் விட்டிருந்த கல்யாணப் பத்திரிகை, பிள்ளையார் சுழியோடு, டிவியில் பளிச்சென்று வந்து நின்றது. 'அக்கா, போர்டு நல்லா இருக்கு. பேனலும் ஹிஞ்சும்தான் போச்சு' என்றார். பேனல் என்றால் படம் தெரியும் திரை, ஹிஞ்ச் என்றால் அதை மடக்கும் கீல். ஒரு பிளாஸ்டிக் கார்டை ஓரத்தில் நுழைத்துச் சட்டத்தை நெம்பி எடுத்து, பேனலை மட்டும் மாற்றி, உடைந்த ஹிஞ்சையும் சரிசெய்தார். மொத்தம் 6,400 ரூபாய். இந்தக் கடிதத்தை அதில்தான் அடிக்கிறேன்.

எல்லாவற்றையும் ரிப்பேர் செய்தே தீர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மதர்போர்டே விரிசல் விட்டு, ராம் எனும் தற்காலிக நினைவகமும் அதிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தால் செலவு கட்டுப்படியாகாது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்திய சிப் உள்ள லேப்டாப்புகள் பெரும்பாலானவற்றில் முறைப்படி விண்டோஸ் 11 ஏறாது. அப்படிப்பட்ட பழையதற்குப் பெரிய தொகை போடுவதற்கு முன் யோசிக்கத்தான் வேண்டும். உள்ளே ஃபைல்களைச் சேமிப்பது, சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி.யா, சுழலும் ஹார்டு டிஸ்க்கா என்பதும் முக்கியம். சுழல்வதாக இருந்து, விழுந்த பிறகு டிக் டிக் என்று சத்தம் வந்தால், திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்கவே கூடாது. முதலில் ஃபைல்களைக் காப்பாற்ற வேண்டும். அந்தப் பெண்ணின் பிராஜெக்ட் அதற்குள் இருக்கலாம் அல்லவா? உங்கள் பதிலில் இதில் ஒன்றாவது வந்திருக்க வேண்டாமா?

மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். மிக்ஸி பற்றிய கேள்விக்கும் முன்பு இதே பதில்தான் வந்தது. அப்போது எழுதிய கடிதத்தை நீங்கள் போடவில்லை. பின் அட்டையில் எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் விளம்பரம் வருவதைக் குறை சொல்ல மாட்டேன், பத்திரிகை நடத்தப் பணம் வேண்டும். ஆனால் உள்ளே வரும் ஆலோசனையும் அதையே சொன்னால் நாங்கள் யாரைக் கேட்பது? புதிய போன் வந்தால் இரண்டு பக்கம் ஒதுக்குகிறீர்கள். மத்திய அரசு 2022 டிசம்பர் 24 அன்று பழுதுபார்க்கும் உரிமைக்காகவே ஓர் இணையதளம் தொடங்கியதே, அதைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதினீர்களா? பிரான்சில் 2021 ஜனவரியிலிருந்து லேப்டாப் விற்கும்போதே, அதைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்று பத்துக்கு மதிப்பெண் போட்டுக் காட்ட வேண்டும். உங்களுக்குத் தெரியாத செய்தியா இது?

நம் மாநிலத்தில் 2011-லிருந்து அரசு கொடுத்த லேப்டாப்புகளில் பல, பேட்டரி மட்டும் போய்ப் பரணில் கிடக்கின்றன. என் தங்கை வீட்டிலேயே ஒன்று இருக்கிறது. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கையடக்கக் கணினியோ லேப்டாப்போ தருவதாக 2025-26 பட்ஜெட்டிலும் அறிவித்தார்கள். அவற்றிலும் சில கீழே விழத்தான் செய்யும். அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் உங்கள் பத்திரிகையைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள்.

நான் கேட்பது சின்ன விஷயம். அடுத்த இதழில் ஒரு சிறு கட்டம் போடுங்கள். லேப்டாப் விழுந்தால் முதலில் டிவியில் இணைத்துப் பாருங்கள், படம் வராவிட்டால் விண்டோஸ் பட்டனோடு பி-யையும் அழுத்திப் பாருங்கள், டிவியில் படம் வந்தால் திரையோ அதன் கேபிளோதான் பெரும்பாலும் பழுது, இரண்டு இடத்தில் விலை கேட்காமல் புதிது வாங்காதீர்கள். இவ்வளவுதான். அந்த வாசகர் கடைக்குப் போவதற்குள் அது வந்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திண்டுக்கல்