18 வயதை நெருங்கும் பிள்ளைகளின் பெற்றோர் கவனத்துக்கு

நம் ஹீமோபிலியா (ரத்தம் எளிதில் உறையாத பிறவி நோய்) குழுவில் மார்த்தாண்டம், குளச்சல், நாகர்கோவில் பக்கம் சில பையன்கள் சீக்கிரமே குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாறப் போகிறார்கள். பழைய டாக்டருக்கு எல்லாம் மனப்பாடம். புது டாக்டருக்கு அப்படி இல்லை.

குறைவது ரத்தத்தை உறைய வைக்கும் புரதமான ஃபேக்டரில் 8 ஆ 9 ஆ, எத்தனை சதவீதம், இன்ஹிபிட்டர் (ஏற்றும் ஃபேக்டரை வேலை செய்யவிடாமல் உடம்பே உண்டாக்கும் எதிர்ப்பொருள்) பரிசோதனை முடிவு, எந்த மூட்டில் அடிக்கடி ரத்தம் கசிகிறது, ஒரு தடவைக்கு எத்தனை யூனிட் ஃபேக்டர் ஏற்றுகிறார்கள், இவ்வளவையும் பழைய டாக்டரிடமே எழுதி வாங்கிவிடுங்கள். நான் வாங்காமல் போய், கேட்ட கேள்விக்கெல்லாம் முழித்தேன்.

அப்புறம், ஆஸ்பிரின் கூடாது, தசையில் ஊசி கூடாது என்று புது டாக்டரிடம் பையனே சொல்லட்டும். அம்மாமார் பக்கத்தில் சும்மா இருக்க வேண்டும். கஷ்டம்தான், தெரியும்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பட்டியலில் ஹீமோபிலியாவும் உண்டு. அடையாள அட்டை எடுக்காதவர்கள் குழுவில் சொல்லுங்கள், சேர்ந்தே போவோம்.