உப்புக்காற்றில் ஒரு கிலோ சிலிண்டர்

மண்டபம்

அன்புள்ள மாப்ளே,

கார் எடுத்த சேதி கிடைத்தது, சந்தோஷம். தீயணைப்பான் எது வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். ஏபிசி தூள் அடைத்த ஒரு கிலோ சிலிண்டர் போதும். பெட்ரோல், வயர், சீட்டுப் பஞ்சு மூன்றுக்கும் அது கேட்கும். மேலே ஐஎஸ் 15683 என்ற எண்ணும் ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்கா பார். கார்பன் டை ஆக்சைடு வேண்டாம். நம்ம கச்சான் காற்றில் அந்த வாயு தீ மேல் தங்காது.

டிக்கியில் போடாதே, அவசரத்துக்குக் கை எட்டாது. முன்சீட்டுக்கு அடியில் இரும்புக் கிளாம்ப் போட்டு இறுக்கு. சும்மா கிடந்தால் பிரேக் பெடலுக்கு அடியில் உருண்டு வந்து சிக்கும்.

கடலோரத்தில் அதற்கு எமன் உப்புதான். மாதம் ஒருமுறை வால்வுக் கழுத்தைத் துணியால் துடைத்துப் பார். துரு செதில் செதிலாக உரிந்தால் புதுசு வாங்கு; சுரண்டி பெயின்ட் அடிக்கிற சிக்கனமெல்லாம் இதில் கூடாது. மீட்டர் முள் பச்சையில் நிற்கிறதே என்று இருந்துவிடாதே. அது அழுத்தத்தை மட்டும்தான் காட்டும். வண்டி குலுங்கிக் குலுங்கி உள்ளே தூள் இறுகிப்போயிருக்கும். தலைகீழாகப் பிடித்து அடியில் உள்ளங்கையால் தட்டு. மணல் சரிகிற மாதிரி நகர்வது கைக்குத் தெரியணும்.

பானெட்டில் புகை வந்தால் வண்டியை ஓரங்கட்டி, சாவியை அணைத்து, எல்லாரையும் தூர அனுப்பு. பானெட்டைத் தூக்கிவிடாதே, காற்று பாய்ந்து தீ முகத்துக்கு வரும். உள்ளே லீவரை மட்டும் இழு. விரல் பருமன் சந்து விடும், அது வழியே அடி. காற்று உன் முதுகில் படணும். பதற்றத்தில் கைப்பிடியை அழுத்திக்கொண்டே பூட்டுப் பின்னை இழுப்பார்கள், வரவே வராது. முதலில் பின்னை உருவு, அப்புறம் அழுத்து. கிடைப்பது எட்டுப் பத்து விநாடிதான். அதற்குள் அடங்காவிட்டால் விலகி ஓடி 101-க்குக் கூப்பிடு. தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனைக்குப் போனால், ராமேஸ்வரத்திலிருந்தே சுமார் 20 கிலோமீட்டர்; உதவி வர நேரமாகும், ஞாபகம் இருக்கட்டும்.

ஒரு பீய்ச்சு அடித்திருந்தாலும் ரீஃபில் செய்துவிடு. வால்வு வாயில் தூள் ஒட்டி, மிச்ச அழுத்தமும் கசிந்துவிடும். இன்ஜின் மேல் படிந்த தூளையும் உடனே எடுக்கச் சொல். ஈரம் பட்டால் அலுமினியத்தை அரிக்கும்.

இன்னொன்று, நிழலுக்காகக் கருவேலஞ்சருகு மேல் வண்டியை நிறுத்தாதே. ஓடி வந்த சைலன்சர் சூட்டுக்கு அது குப்பென்று பிடிக்கும்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்,
செல்வம்