அப்பத்தா கட்டிலை எங்கே போடுவது

சிவமயம்

லீட்ஸ், இங்கிலாந்து

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். இங்கே கார்த்திகை பிறந்தால் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. அப்பத்தாவைக் காரைக்குடி வீட்டிலேயே வைத்துப் பார்க்கப் போவதாக எழுதியிருந்தாய். இங்கே முதியோரை வைத்துப் பார்க்கும் கேர் ஹோமில் பெரியவர்கள் விழாமல் இருக்க என்ன செய்கிறார்கள் என்று எழுதுகிறேன். அப்பச்சிக்கும் படித்துக் காட்டு.

முதலில் கவனிக்க வேண்டியது பாத்ரூம் நேரம். ஆளைக் கூப்பிடச் சங்கடப்பட்டு, அடக்கி வைத்து, கடைசியில் அவசரமாக எழுவார்கள், அப்போதுதான் விழுவார்கள். அதனால் சாப்பிட்டதும், படுக்குமுன், விடிகாலையில் நாமே போய்க் கேட்டு அழைத்துப்போக வேண்டும். நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரை சாயங்காலத்தில் இருந்தால், காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேள்.

படுத்திருந்தவர் சட்டென்று நின்றால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். 5 நிமிடம் படுத்திருந்த பிறகு ஒரு தடவை, எழுந்து நின்ற 1-ஆம் நிமிடம், 3-ஆம் நிமிடம் என்று பிரஷர் பார். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் டாக்டரிடம் சொல். நீயாக மாத்திரையை நிறுத்தாதே. கட்டில் ஓரத்தில் சற்று உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் பத்துத் தடவை அசைத்துவிட்டு எழட்டும். அக்குளில் கைகொடுத்துத் தூக்காதே, தோள்பட்டை போய்விடும்.

கட்டிலுக்குக் கம்பித் தடுப்பு வேண்டாம். ஞாபகம் தடுமாறுகிறவர்கள் அதன்மேல் ஏறி இறங்கப் பார்ப்பார்கள். விழும் உயரம்தான் கூடும். உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படியும் உயரத்தில் கட்டில் இருந்தால் போதும்.

நம் வீட்டை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லை எண்ணெய் தொட்டுத் துடைப்பதை அப்பத்தா நடக்கும் வழியிலாவது நிறுத்து. முற்றத்து விளிம்பும் நிலைப்படியும் கண்புரை விழுந்த கண்ணுக்குத் தரையோடு தரையாகத்தான் தெரியும். விளிம்பு நெடுக மஞ்சள் பெயின்ட் பட்டை அடி. முற்றத்தைச் சுற்றிய வளவில் படுத்துக்கொண்டு பின்கட்டு பாத்ரூமுக்கு எத்தனை நிலைப்படி தாண்டுவது? கட்டிலைப் பின்கட்டுக்கே மாற்று, ராத்திரி விளக்கு எரியட்டும். பாத்ரூமில் பிடிப்பதற்குச் சுவரில் திருகிய கம்பி வேண்டும். துண்டு போடும் கம்பி ஆள் பாரத்தைத் தாங்காது. வாக்கரின் பிடி, கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வர வேண்டும். அடி ரப்பர் தேய்ந்தால் உடனே மாற்று.

அப்படியும் விழுந்துவிட்டால் பதறித் தூக்காதே. ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பு எலும்பு முறிந்திருக்கலாம். அசைக்காமல் 108-ஐக் கூப்பிடு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் தலையில் அடிபட்டால், நன்றாகப் பேசினாலும் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும்.

அப்பத்தாவின் மாத்திரைச் சீட்டைப் படமெடுத்து அனுப்பு. தூக்க மாத்திரை இருக்கிறதா என்று முதலில் பார்.

அன்புடன்,
அண்ணன்