மலேசியாவும் கோஸ்டா ரிக்காவும்: சிலபஸ் போடுறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் சார், வணக்கம் மேடம்,

சர்வதேச உறவுகள் பாடத்துக்கு சிலபஸ் போடுற உங்க எல்லாருக்கும் சேர்த்துதான் எழுதுறேன். மலேசியாவையும் கோஸ்டா ரிக்காவையும் வச்சு உலக அரசியலுக்கு தியரி கட்டுறது கேலிக்கூத்துனு 1979ல கென்னத் வால்ட்ஸ்ங்கற அமெரிக்க சர்வதேச உறவுகள் அறிஞர் எழுதினாரு. வல்லரசுங்கதான் ஆட்டத்தோட விதியை போடும், மத்த நாடுங்க அதுக்குள்ள ஆடிக்கும், இதுதான் அவர் கணக்கு. லாஜிக் இருக்கு, மறுக்கல. ஆனா அதுக்கப்புறம் அந்த ரெண்டு நாட்டையும் யாராச்சும் திரும்பிப் பாத்தீங்களா?

மத்திய அமெரிக்காவுல இருக்குற கோஸ்டா ரிக்கா 1948ல ராணுவத்தையே கலைச்சிடுச்சு. மேல தட்டிக்கேக்க ஆளில்லாத உலகம், அவனவன் பாதுகாப்பை அவனவன்தான் பாத்துக்கணும்னு நீங்க முதல் கிளாஸ்லயே சொல்லித்தர்றீங்களே, அதுப்படி பாத்தா அந்த நாடு எப்பவோ காணாம போயிருக்கணும், இன்னிக்கும் ராணுவம் இல்லாம நல்லாத்தான் இருக்கு. அமெரிக்கா நிழல்ல இருக்குனு சொல்வீங்க, சரி பாதி உண்மை, அதே பகுதியில அதே நிழல்ல இருந்த குவாத்தமாலா ஏன் ராணுவ ஆட்சியிலயும் உள்நாட்டுப் போர்லயும் சிக்கிச்சு?

மலேசியா கதை இன்னும் சுவாரசியம். 1963லேர்ந்து 1966 வரைக்கும் இந்தோனேசியாகூட மோதல், போர்னியோ எல்லையில சண்டையே நடந்துச்சு, அடுத்த வருஷமே ரெண்டு நாடும் ஒரே மேஜையில உக்காந்து, இன்னும் மூணு நாட்டை சேத்துக்கிட்டு ஆசியான்ங்கற தென்கிழக்கு ஆசிய நாடுகளோட கூட்டமைப்பை ஆரம்பிச்சிடுச்சு. நடுவுல என்ன ஆச்சு? இந்தோனேசியாவுல சுகர்னோ கையிலேர்ந்து அதிகாரம் சுகார்த்தோ கைக்குப் போச்சு, ஆனா உள்நாட்டு அரசியலை ஓரமா வைக்கிற தியரிக்கு அது கண்ணுல படாதே (அதுக்கு தியரியை குத்தம் சொல்லணுமா மலேசியாவையா?). ஐரோப்பிய நாடுங்க ஒண்ணா சேந்தா அதுக்குனு தனித் தியரி, தென்கிழக்கு ஆசியா சேந்தா அதுக்கு பேரு ஏரியா ஸ்டடீஸ், அதாவது வெறும் ஒரு பகுதியைப் பத்தின படிப்பு.

வல்லரசுங்க நேரா மோதிக்கலைங்கறதுக்காக பனிப்போர் காலத்தை "நீண்ட அமைதி"னு வேற பாடம் எடுக்கறீங்க. கொரியாவுலயும் வியட்நாம்லயும் செத்தவங்க எந்தக் கணக்குல வர்றாங்க?

மேற்கத்திய நாடுகளுக்கு வெளியிலேர்ந்து ஏன் தியரியே வரலைனு 2007ல இதே துறை அறிஞர்களான அமிதாவ் ஆச்சார்யாவும் பேரி புஸானும் கேட்டாங்க. அதையும் கொண்டுபோய் "மாற்றுப் பார்வைகள்"னு கடைசி வாரத்துல சொருகிடறீங்க, அதுக்குள்ள எக்ஸாம் டென்ஷன்ல பாதிப் பேர் கிளாஸுக்கே வர்றதில்ல.

அடுத்த சிலபஸ்ல அந்த ரெண்டு நாட்டையும் முதல் வாரத்துல வைங்க. வால்ட்ஸோட அந்த வரியையும் எடுக்க வேணாம், பக்கத்துலயே இருக்கட்டும், பசங்க படிச்சுட்டு சண்டை போட்டுக்கட்டும்.