செயலாளரின் ஆண்டறிக்கை: கிழக்கு கேலரி பற்றி நாம் எடுக்க வேண்டிய முடிவு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, ரசிகர் சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

முதலில் வழக்கமான பணிகள். செயற்குழு மாதம் தவறாமல் கூடியது. வெளியூர் ஆட்டங்களுக்கு நாம் ஏற்பாடு செய்த பஸ்கள் எல்லாமே நிரம்பின. சிறுவர் பயிற்சிக்குப் பந்துகளும் வலைகளும் வாங்கிக் கொடுத்தோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த மூத்த உறுப்பினர்களுக்காக, மேலே தொடரும் முன் ஒரு நிமிடம் எழுந்து நின்று அஞ்சலி செலுத்துவோம்.

நன்றி. அமருங்கள்.

இனி, ஆண்டு முழுக்க நம்மைப் பேச வைத்த விஷயம். நம் கால்பந்துக் கழகத்தின் நிர்வாகம் கிழக்குப் பக்க கேலரியை இடித்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டடுக்கு கேலரி கட்ட யோசிக்கிறது. கட்டி முடித்தால் மைதானத்தின் மொத்த இடம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். செலவில் பெரும்பகுதி கடன். அந்தக் கடனுக்கு ஈடாக வைக்கப் போவது மைதானத்தையே. இதற்குச் சங்கத்தின் கருத்தைக் கேட்டிருக்கிறார்கள். இன்று பொதுக்குழு சொல்லும் பதில்தான் அவர்களுக்குப் போகும்.

அணி மேல் டிவிஷனுக்கு ஏறிய பிறகு கூட்டம் கூடியிருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. பரம எதிரி அணியுடன் நடந்த ஆட்டத்தன்று நம்மில் பலர் டிக்கெட் கிடைக்காமல் வெளியே நின்றோம். தந்தையின் தோளில் உட்கார்ந்திருந்த ஒரு சிறுவன், உள்ளே சத்தம் எழும்போதெல்லாம் "யாருப்பா கோல் போட்டது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அதைப் பார்த்த யாருக்கும் உடனே செங்கல் எடுத்துக் கட்டத்தான் தோன்றும். எனக்கும் தோன்றியது.

ஆனால் அந்த நாள் மட்டும் கணக்கு ஆகாது என்பதால், செயற்குழு இன்னொரு வேலையும் செய்தது. சாதாரண ஆட்டங்களுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று நாமே எண்ணினோம். கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு எண் கூடும் சிறு கருவியை ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு ஒவ்வொரு வாசலிலும் நின்றோம். வார நடுவில், விடாத மழையில், பட்டியலின் அடியில் இருக்கும் அணியுடன் நடந்த ஆட்டம் ஒன்று. அன்று தெற்கு வாசலில் நான் நின்றேன். ஆட்டம் தொடங்கிய பிறகு மேலே ஏறிப் பார்த்தால், கிழக்கு கேலரியில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் ஆட்கள். இத்தனைக்கும் அந்தப் பக்கத்து சீசன் டிக்கெட் ஒன்றுகூட மிச்சமில்லை. நனைந்த காலி இருக்கைகளுக்கெல்லாம் பணம் கட்டிய சொந்தக்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் அன்று வரவில்லை, அவ்வளவுதான்.

இந்த ஒரு விஷயம் என் மனதை மாற்றியது. டிக்கெட் விற்றுத் தீர்ந்தது என்பதும் மைதானம் நிரம்பியது என்பதும் ஒன்றல்ல. சீசன் முழுக்க எண்ணிப் பார்த்ததில், உண்மையிலேயே இடம் போதாமல் போனது மூன்று ஆட்டங்களுக்கு மட்டும்தான். அந்த மூன்று நாளுக்காகக் கட்டினால், மற்ற எல்லா நாளும் காலி கேலரிக்குத்தான் வட்டி கட்டுவோம்.

பெரிதாகக் கட்டியவர்களுக்கு என்ன நடந்தது என்பதையும் பார்த்தோம். கூட்டங்களில் அடிக்கடி லண்டனின் அர்செனல் கழகத்தின் பெயர் வந்தது. 2006இல் அவர்கள் 38,000 பேர் கொள்ளும் ஹைபரியை விட்டு 60,000 பேர் கொள்ளும் எமிரேட்ஸுக்குப் போனார்கள், இன்று அது நிரம்பி வழிகிறது என்பது உண்மை. ஆனால் முதல் நாளிலிருந்தே அவர்களுக்கு அந்தக் கூட்டம் இருந்தது. அப்படியும் கடன் அழுத்திய வருடங்களில் நல்ல ஆட்டக்காரர்களை விற்றார்கள். 2005க்குப் பிறகு அடுத்த கோப்பைக்கு 2014 வரை காத்திருந்தார்கள்.

நம் அளவுக்குப் பொருந்துவது டார்லிங்டன் கதை. இங்கிலாந்தின் கீழ் டிவிஷனில் ஆடிய அந்தச் சிறு கழகம் 2003இல் 25,000 இருக்கைகளோடு புது அரங்கம் கட்டியது. முதல் ஆட்டத்துக்குக்கூட அரங்கம் பாதி நிரம்பவில்லை. பிறகு வழக்கமாக வந்தவர்கள் சில ஆயிரம் பேர்தான். அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே கழகம் திவால் நிர்வாகத்துக்குள் போனது. 2012இல் அந்த அரங்கத்தையே விட்டு வெளியேறி, ரசிகர்கள் கழகத்தைக் கீழிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அணி தோற்றால் அடுத்த வாரம் ஜெயிக்கலாம். மைதானம் கை மாறிப்போனால் எங்கே போய் ஆடுவது?

இதற்கு நேர் எதிரான ஓர் உதாரணமும் உண்டு. இத்தாலியின் டூரின் நகரத்து டெல்லே ஆல்பி அரங்கம் 1990 உலகக் கோப்பைக்காகக் கட்டப்பட்டது, ஏறத்தாழ 69,000 பேர் கொள்ளும். சுற்றிலும் ஓட்டப் பாதை இருந்ததால் ரசிகர்கள் ஆட்டத்தை எங்கோ தூரத்திலிருந்து பார்த்தார்கள். யுவென்டஸ் போன்ற பெரிய அணி ஆடியும் அது பெரும்பாலும் காலியாகவே கிடந்தது. கடைசியில் அதை இடித்துவிட்டு, 2011இல் அதே இடத்தில் 41,000 பேருக்கான அரங்கத்தைக் கட்டினார்கள், இருக்கைகள் ஆடுகளத்தை ஒட்டி வரும்படி. அங்கே ஆடிய முதல் சீசனிலேயே ஒரு லீக் ஆட்டம்கூடத் தோற்காமல் பட்டம் வென்றார்கள். நிரம்பிய கேலரியின் சத்தம் அணிக்கு என்ன செய்யும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சரி, அப்படியானால் எதுவுமே செய்ய வேண்டாமா? செய்தே ஆக வேண்டும். வாசலில் நின்று எண்ணியபோதுதான் அது எனக்குப் புரிந்தது. ஒரு சுழல் கதவு வழியாக மணிக்கு 660 பேருக்கு மேல் உள்ளே போவதாகக் கணக்கிடக் கூடாது என்கிறது பிரிட்டனின் விளையாட்டு அரங்கப் பாதுகாப்பு வழிகாட்டி. நமக்கு இருப்பது நான்கு கதவுகள். ஆட்டத்துக்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் 2,640 பேர்தான் நுழைய முடியும். பெரிய ஆட்டங்களுக்கு அதைவிட அதிகம் பேர் கடைசி அரை மணியில் வந்து முண்டுகிறார்கள். என் முன்னால் ஒரு பெரியவர் சட்டைப் பொத்தான் தெறிக்க, நெஞ்சைப் பிடித்தபடி உள்ளே வந்தார். நல்ல வேளை, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. 1989இல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ மைதானத்தில், வாசலுக்கு வெளியே தேங்கிய கூட்டத்துக்காக வெளியேறும் கதவைக் காவல்துறை திறந்துவிட்டது. ஏற்கெனவே நிரம்பியிருந்த அடைப்புகளுக்குள் மக்கள் போய் நசுங்கினார்கள். 97 உயிர்கள் போயின. வாசல் பற்றாத மைதானத்தில் மேலும் பல ஆயிரம் பேரைச் சேர்க்கும் திட்டத்துக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?

இடைவேளையில் பெண்கள் கழிப்பறை வரிசை மூலைக்கொடி வரை நீள்கிறது. வரிசையில் நின்றவர்கள் திரும்பி வருவதற்குள் இரண்டாம் பாதியில் கோல் விழுந்துவிடுகிறது. கிழக்குப் பக்கம் கூரை இல்லை. மழையன்று அந்த இருக்கைகள் ஏன் காலியாக இருந்தன என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. கூரை போட்டாலே, புது கேலரி கட்டாமலேயே பல நூறு இருக்கைகள் நமக்குத் திரும்பக் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

இளைய உறுப்பினர்கள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. இன்று வாசலில் திருப்பி அனுப்பப்படும் பையன் நாளைக்கு டிவியில் வேறு அணியைப் பார்ப்பான், வளர்கிற நேரத்தில் தயங்கினால் வளர்ச்சி நின்றுவிடும் என்றார்கள். இந்த வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் அவர்களிடமே பேசி ஒரு வழி யோசித்தோம். வராதவர்கள் தங்கள் சீசன் டிக்கெட்டை அந்த ஆட்டத்துக்கு மட்டும் கழகத்திடம் திருப்பிக் கொடுக்கலாம், கழகம் அதை வாசலில் மறுபடி விற்கலாம். பல பெரிய கழகங்களில் இது ஏற்கெனவே நடப்பில் இருக்கிறது. செங்கல் வைக்காமலேயே அந்தப் பையனுக்கு ஓர் இடம் கிடைக்கும்.

கட்டத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், பெர்லினின் யூனியன் கழகம் கட்டியது போலக் கட்டுவோம். 2008இல் அவர்களது பழைய மைதானம் லீக் விதிகளுக்குப் பொருந்தாத நிலையில் இருந்தது, கழகத்திடம் பணமும் இல்லை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள் ஒரு வருடம் சம்பளமில்லாமல் வந்து கான்கிரீட் போட்டார்கள். மொத்தம் சுமார் 1,40,000 மணி நேர உழைப்பு. பெரும்பகுதி நின்று பார்க்கும் இடமாகவே வைத்துக்கொண்டார்கள். பெரிய கேலரியை 2013இல்தான் சேர்த்தார்கள். 2019இல் அந்த அணி ஜெர்மனியின் முதல் டிவிஷனான பண்டஸ்லீகாவுக்கு ஏறியது. ஐரோப்பாவின் முன்னணிக் கழகங்கள் மோதும் சாம்பியன்ஸ் லீக் ஆட வேண்டி வந்தபோது, அந்த ஆட்டங்களுக்கு மட்டும் நகரத்தின் ஒலிம்பிக் அரங்கத்தை எடுத்துக்கொண்டார்கள். நமது மூன்று பெரிய ஆட்டங்களுக்கும் அப்படி ஒரு பெரிய அரங்கத்தைக் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

எனவே செயற்குழு பொதுக்குழுவின் முன் வைக்கும் தீர்மானம் இது. கழகம் முதலில் வாசல்களையும் கழிப்பறைகளையும் கிழக்குக் கூரையையும் முடிக்கட்டும், டிக்கெட் திருப்பும் முறையைத் தொடங்கட்டும். இரண்டு சீசன்களுக்கு ஒவ்வொரு ஆட்டத்திலும் வந்தவர்களை எண்ணுவோம். சாதாரண ஆட்டங்களிலும் பத்தில் ஒன்பது இடம் நிரம்பினால் கேலரியின் கீழ் அடுக்கை மட்டும் கட்டலாம். மேல் அடுக்கைத் தாங்கும் அடித்தளத்தை அப்போதே போட்டுக்கொள்ளலாம். எந்தக் கட்டத்திலும் மைதானத்தை ஈடு வைக்க இந்தச் சங்கம் சம்மதிக்காது. கடைசி வரியைச் சேர்க்கச் சொன்னவர்களில் இரண்டடுக்கு கேலரியை ஆதரித்த நண்பர்களும் உண்டு. அதற்கு அவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

விவாதத்துக்குப் பிறகு வாக்கெடுப்பு. அடுத்த சீசனில் எண்ணும் பணிக்கு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எட்டுப் பேர் தேவை, மழை நாளுக்கு மாற்று ஆட்களும் வேண்டும். மேடையின் இடப்பக்க மேசையில் நோட்டு இருக்கிறது. போகும்போது பெயர் எழுதிவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்