கோர்செதாய் குவாரிக்குப் போ

அன்புள்ள செல்வம்,

பதில் போடாமல் இழுத்தடித்ததற்குத் திட்டிக்கொள். இங்கே எல்லோரும் நலம். நீ ஜூனில் வேல்ஸ் போகிறாய் என்று மூர்த்தி சொன்னான். அவன் பேச்சைக் கேட்டு ஸ்னோடன் மலைரயிலில் ஏறி இறங்கிவிட்டுத் திரும்பிவிடாதே. போர்த்மதோக்குக்கு வடக்கே, கும் அஸ்த்ராட்லின் பள்ளத்தாக்கில் இருக்கும் கோர்செதாய் சிலேட்டுக் குவாரிக்குப் போ.

பென்ரின் மாதிரிப் பெரிய குவாரி இல்லை. கொட்டிய பணம்தான் பெரிது. 1850-களில் கூரை வேயும் சிலேட்டுக் கல்லுக்கு நல்ல கிராக்கி. பாறை தேறுமா என்று தெரிவதற்குள் துறைமுகம் வரை தண்டவாளம் போட்டாயிற்று. தொழிலாளிகளுக்கு ட்ரெவோரிஸ் என்று மூன்று தெருவில் 36 வீடு. அனிசபாண்டி என்ற இடத்தில், கல்லை அறுக்க மூன்று தளத்தில் ஒரு மில். இதை நினைத்தால் எனக்கு மனசே ஆறுவதில்லை.

கூரைச் சிலேட்டுக்குப் பாளத்தின் ஈரம் காயுமுன் உளி வைத்துக் கொட்டாப்புளியால் தட்ட வேண்டும். முதலில் சரிபாதி, பிறகு ஒவ்வொரு பாதியும் மறுபடி சரிபாதி. ஓரத்தில் தொடங்கினால் மெல்லிய பக்கம் உடையும். குறுக்கு விரிசல் நெருங்கியிருந்தால் பெரிய பாளமே கிடைக்காது. பிளவு கோணலாக ஓடினால் மெல்லிய தகடு வராது. நல்ல குவாரியிலேயே ஒரு டன் சரக்குக்குப் பத்து டன்னாவது கழிவுதான். கோர்செதாய் கல்லோ தரத்தில் மட்டம். 1860-இல் 200 பேர் சேர்ந்து 2,140 டன் எடுத்தார்கள், அதுவே உச்சம். 1867-இல் மூடியாயிற்று. உச்சத்திலிருந்து ஏழே வருஷம்! முதலில் ஒரு சின்ன முகப்பை வெட்டி, பத்துப் பாளம் பிளந்து பார்த்திருக்கக் கூடாதா?

மில்லில் செய்தது தடித்த பலகைச் சரக்கு. தரைக்கல், பால்பண்ணைக்குப் பலகை, தொட்டி, சிறுநீர்க் கழிப்பிடத்துக்கான கல்கூட. (சிரிக்காதே.) இயந்திரங்களை ஓட்டிய 26 அடி விட்ட நீர்ச்சக்கரம் கட்டடத்துக்கு உள்ளேயே இருந்தது. 1906 வாக்கில் கூரையைக் கழற்றிவிட்டார்கள். ஆனாலும் அந்த வளைவு ஜன்னல்களோடு சுவர்கள் மாதாகோவில் மாதிரி நிற்கின்றன. 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த சிலேட்டு நிலப்பரப்பில் இதுவும் அடக்கம்.

மில்லோடு திரும்பிவிடாதே. குவாரிக்குள் தண்டவாளப் பாதை மேல் சாய்ந்து நிற்கும் ஒரு பெருங்கல் சுவர் உண்டு, கழிவு சரியாமல் தாங்குவதற்குக் கட்டியது. அதைப் பக்கவாட்டில் படம் எடு, சாய்வு தெரிய வேண்டும். கழிவுக் குவியலில் மட்டும் ஏறாதே, கல் காலடியில் நழுவும். மில்லில் நீர்ச்சக்கரம் சுழன்ற குழியின் படமும் வேண்டும்.

உமாவுக்கு என் அன்பு.

உன்,
ரவி